தோட்டம் என்னும் இழந்த ஊர்: மலேசியத் தமிழ் எழுத்தில் நினைவேக்கம் (ஜொகூர்ச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு)

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாய் வட்டாரத்தில் முத்தியாரா ரினி என்றொரு குடியிருப்புப் பகுதி உள்ளது. வரிசை வீடுகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த அப்பகுதியில் இயங்கும் தமிழ்ப்பள்ளியின் பெயர் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி. பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. பள்ளிக்கு வெளியே தோட்டம் இல்லை. ஜொகூரிலுள்ள சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் இன்றும் நிற்கிறது. அவற்றுள் சில இன்று நகரப் பள்ளிகள்; அங்குப் பயிலும் மாணவருட் பெரும்பாலோர் பால்மரத்தில் உளி இறங்குவதைக் கண்டிராதவர். ஆயினும் அவர்தம் தாத்தா பாட்டியர் பேச்சிலும், அவர்கள் படிக்கும் சிறுகதைகளிலும், பள்ளி வெளியிடும் ஆண்டு மலர்களிலும் தோட்டம் ஓயாமல் வருகிறது.

இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் தோட்ட நினைவை நம் திறனாய்வு இருவகையாகவே அணுகி வந்துள்ளது. ஒரு சாரார் அதனை மண்வாசனை எனப் பாராட்டுவர். மற்றொரு சாரார் தேய்ந்துபோன பழங்கதை எனத் தள்ளுவர். இவ்விரு நிலைகளும் நினைவேக்கத்தை ஒரே பொருளாகக் கொண்டு மதிப்பிடுகின்றன. நினைவேக்கத்துள்ளும் வேறுபாடுகள் உண்டு. எதனை நினைக்கிறது, எதனை மறக்கிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை அறுதியிட வேண்டும் என்பது நம் கருத்து. அதனை நிறுவுதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல் ஒன்றை இக்கட்டுரை பயன்படுத்துகிறது.

சொல்லும் கருத்தும்

'நோஸ்டால்ஜியா' என்னும் சொல்லை 1688-ஆம் ஆண்டு பாசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் உருவாக்கினார். வீடு திரும்புதல், நோவு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். தாயகத்தைப் பிரிந்து வாழ்ந்த சுவிசு நாட்டவரிடம் கண்ட ஒரு நோயின் பெயராகவே அச்சொல் பிறந்தது. காலப்போக்கில் நோய் என்னும் பொருள் நீங்கி, இடத்தைப் பற்றிய ஏக்கம் காலத்தைப் பற்றிய ஏக்கமாக விரிந்தது. சுவெத்லானா போய்ம் 2001-இல் வெளியிட்ட நூலில், இழந்ததை அப்படியே மீட்டெடுக்க முனையும் ஏக்கம், இழப்பை எண்ணிப் பார்த்து வினவும் ஏக்கம் என இதனை இரண்டாகப் பகுத்தார்.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்களும் சூழலுக்கேற்ப வேறுபடுகின்றன. ஈழத்தமிழர் 'நனவிடை தோய்தல்' என்பர். எஸ். பொன்னுத்துரை தம் யாழ்ப்பாண நினைவுகளைத் தொகுத்த நூலுக்கு இட்ட பெயர் அது. மலேசியாவில் 'மலரும் நினைவுகள்' என்னும் தொடரே பெருவழக்கு. முன்னது நினைவில் மூழ்குதலைச் சுட்டுகிறது. பின்னது நினைவை மணமுள்ள பொருளாகக் காட்டுகிறது. வழக்கிலுள்ள சொல்லே, எவ்வகை நினைவு அவையேறத் தக்கது என்பதை ஓரளவு முடிவு செய்துவிடுகிறது எனலாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்துள்ளார். இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியராதல். இழவு என்பது சுற்றத்தையும் துய்த்த பொருளையும் இழத்தல். அசைவு என்பது பண்டை நிலை கெட்டு வேறொரு நிலையினராய் வருந்துதல். வறுமை என்பது துய்க்க இன்மையால் வரும் துன்பம். பேராசிரியர் உரைவழி இப்பொருள்களை நாம் பெறுகிறோம். இன்று நினைவேக்கம் என நாம் வழங்கும் உணர்வு பெரிதும் இழவையும் அசைவையும் சார்ந்தது. ஆனால் தொல்காப்பியர் அவ்விரண்டையும் தனியே நிறுத்தவில்லை; ஒருபுறம் இளிவையும் மறுபுறம் வறுமையையும் உடன் வைத்தார். இவ்வைப்பு முறை நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. தோட்டத்தை நினைக்கும் எழுத்து இந்நான்கனுள் எவற்றை ஏற்கிறது, எவற்றை விலக்குகிறது என்பதே நாம் கேட்கும் வினா.

ஊரேக்கமும் தோட்ட ஏக்கமும்

தற்காலத் தமிழ் இலக்கியத்தில் தோட்டம் துன்ப நிலமாகவே நுழைந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற பெண்களைப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதினார். இவை தமிழகத்திலிருந்து கடல் கடந்தோரை நோக்கிய பார்வைகள். இவற்றில் மேலோங்கி நிற்பன இளிவும் வறுமையும். புதுமைப்பித்தன் இன்னும் ஒருபடி மேலே சென்று, விட்டுவந்த ஊரையும் இன்ப நிலமாகக் காட்ட மறுத்தார். சாதியும் நிலவுடைமையும் நெருக்கிய ஊரே அம்மக்களைத் தோட்டத்திற்குத் தள்ளியது என்பது அக்கதையில் தெளிவாகும்.

மலாயாவுக்கு வந்த முதல் தலைமுறையினரின் ஏக்கம் தமிழகத்து ஊரை நோக்கியது. கங்காணி முறையின்கீழ் ஆள் சேர்ப்பது 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. அதுவரை வந்து சேர்ந்தோருள் பலர், சில ஆண்டுகள் உழைத்துச் சிறிது பொருளுடன் ஊர் திரும்பும் எண்ணத்தோடே வந்தவர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) தோட்டத் தொழிலாளரைப் பற்றிய நாவலன்று; எனினும் கடல் கடந்தோரின் ஊரேக்கத்தை அதைவிடக் கூர்மையாக ஆராய்ந்த தமிழ் நாவல் அரிது. அதன் நாயகன் பாண்டியன் சுமத்திராவிலும் பினாங்கிலும் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைக்கிறான். அந்நினைவில் பாசமும் எள்ளலும் கலந்தே வருகின்றன. ஊரை நினைப்பவன் ஊரின் பொய்மைகளையும் சேர்த்தே நினைக்கிறான். இறுதியில் ஊர் திரும்பாமலே மடிகிறான்.

அடுத்த தலைமுறையில் நிலைமை தலைகீழானது. முன்னோர் துன்ப நிலமாகக் கண்ட தோட்டமே பின்னோர்க்கு இழந்த ஊராயிற்று. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவாகக் குடியுரிமை பெறாதோர் வேலை உரிமச் சீட்டின்றி உழைக்க இயலாத நிலை தோன்றி, பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். இக்காலத்துத் தோட்ட மக்களின் நெருக்கடியை அகிலன் 'பால்மரக் காட்டினிலே' நாவலில் பதிவு செய்தார். ஊர் திரும்பியோர் தமிழகத்திலிருந்து மலாயாவை நினைத்து ஏங்கியதும், இங்கேயே தங்கியோர் தோட்டம் விட்டு நகர்ந்தபின் தோட்டத்தை நினைத்து ஏங்கியதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஏக்கம் எப்போதும் கடைசியாக இழந்த இடத்தையே பற்றிக்கொள்கிறது.

ஜொகூர்ச் சூழல்

இம்மாற்றம் ஜொகூரில் நிகழ்ந்த முறை தனித்து நோக்கத்தக்கது. கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909-இல் நிறைவுற்றது. சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய ஊர்களை ஒட்டி இரப்பர்த் தோட்டங்கள் பெருக அப்பாதை வழிசெய்தது. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் இம்மாநிலத்தைச் சிங்கப்பூரோடு இணைத்தது. ஜப்பானியர் ஆட்சியில் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் நீளச் சயாம் பர்மா இரயில் பாதைக்கு மலாயாவின் பிற மாநிலங்களைப் போலவே ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆண்கள் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வராதோர் பலர்.

1960-களுக்குப் பின் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. ஒரே பரப்பளவுக்குச் செம்பனைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைவு. பாசீர் கூடாங் துறைமுகம் 1977-இல் செயல்படத் தொடங்கியது. அதனைச் சூழ்ந்து தொழிற்பேட்டைகள் எழுந்தன. சிங்கப்பூர்த் தொழிற்சாலைகள் இளைஞரை ஈர்த்தன. 2006-இல் இஸ்கண்டார் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டபின் தென் ஜொகூரின் நிலமதிப்பு உயர்ந்து, எஞ்சிய தோட்டங்களும் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் விட்டன.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் காணவேண்டிய உண்மை ஒன்றுண்டு. லயத்து வீடு தொழிலாளிக்கு உரியதன்று. அது வேலையோடு வந்தது, வேலையோடு போனது. மூன்று தலைமுறையினர் பிறந்து, மணந்து, மாண்ட இடமாயினும் நிலம் நிறுவனத்துடையது. கோயிலும் சுடுகாடும்கூடப் பல இடங்களில் நிறுவனத்தின் இசைவில் நின்றவையே. ஆகவே தோட்டத்தை இழந்தோம் என்று நாம் கூறும்போது, என்றுமே நம் உடைமையாக இராத ஒன்றை இழந்ததாகக் கூறுகிறோம். உடைமையின்மையின் ஆபத்தை உணர்ந்தே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு தொகைகள் சேர்ந்து கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் தோட்டமாயிற்று. அம்முயற்சி எட்டாத தோட்டங்களில் இழப்பு வந்தபோது, அதனை எதிர்கொள்ள நினைவைத் தவிர வேறொன்றும் பெரும்பாலோர் கையில் இல்லை.

மலர்களின் நினைவு

தோட்ட நினைவு மிகுதியாகப் பதிவாகும் இடம் நாவலோ சிறுகதையோ அன்று. பள்ளி நிறைவு விழா மலர்கள், ஆலயக் குடமுழுக்கு மலர்கள், முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் மலர்கள் ஆகியவையே அவ்விடம். இவற்றை இலக்கியமாகக் கருதித் திறனாய்வோர் அரியர். ஆயினும் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் வகைமை இது. நூல் வாங்காத வீட்டிலும் இம்மலர் இருக்கும். எனவே இதனைத் தனி எழுத்து வகையாகவே ஆராய்தல் தகும்.

இம்மலர்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. தொடக்கத்தில் வாழ்த்துரைகள் பல பக்கங்களுக்கு நீளும். பின்னர் வரலாறு இரண்டு அல்லது மூன்று பக்கங்களில் அமையும். அடுத்துத் தலைமையாசிரியர் அல்லது அறங்காவலர் வரிசை, நன்கொடையாளர் பட்டியல், நிழற்படங்கள். வரலாற்றுப் பகுதி ஏறத்தாழ எல்லா மலர்களிலும் ஒரே பாதையில் செல்கிறது: அத்தாப்புக் கொட்டகையில் தொடக்கம், துரையின் அல்லது கிராணியின் பேருதவி, ஊராரின் ஒற்றுமை, இடமாற்றம், புதிய கட்டடம். ஜொகூர் பாருவின் அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயத்தைப் பற்றி வழங்கும் வரலாறும் இத்தகையதே. 1922-இல் எளிய கொட்டகையாகத் தொடங்கிய அவ்வாலயம் 2009-இல் கண்ணாடிப் பதிப்புகளால் ஒளிரும் ஆலயமாக உருப்பெற்றது. கொட்டகை, கண்ணாடி என்னும் இரு முனைகளும் நினைவில் நிற்கின்றன. இடைப்பட்ட தலைமுறைகளின் அன்றாட வாழ்வு நினைவிலிருந்து நழுவுகிறது.

தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் களன்களாகக் கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்னும் நான்கைக் கூறினார். நம் மலர்கள் இந்நான்கனுள் கல்வியையும் கொடையையும் புகழ்மையையும் விரித்துரைக்கின்றன. அழுகைக்குரிய நான்கனுள் வறுமைக்கு மட்டும் சிறிது இடம் தருகின்றன. அதுவும் பின்னர் வந்த உயர்வை எடுத்துக்காட்டும் முன்னிலையாகவே. இளிவு அறவே இடம்பெறுவதில்லை. பெரட்டில் பெயர் விடுபட்டவர், கடன் நோட்டில் கைநாட்டு வைத்தவர், மேலாளர் வீட்டுமுன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நடந்தவர், சாதியின் பெயரால் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றவர் ஆகியோர் மலருக்குள் வருவதில்லை. தோட்டப்பள்ளி தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியதால் எழுந்ததா, துரையின் கருணையால் எழுந்ததா என்னும் வினாவும் எழுப்பப்படுவதில்லை. 1920-களின் தொழிலாளர் சட்டங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்துமாறு நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தின என்பது வரலாறு. மலரில் அச்சட்டம் நன்றியாக மாறிவிடுகிறது.

விழா மலர் விழாவுக்குரியது, அதில் அவலத்தை எதிர்பார்ப்பது முறையா எனக் கேட்கலாம். வினா நியாயமானதே. ஒரு மலர் மட்டும் இவ்வாறு அமையுமாயின் நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் சமூகத்தின் நினைவுப் பதிவுகளுட் பெரும்பகுதி விழா மலர்களாகவே அமையும்போது, விழாவுக்கு ஒவ்வாதவை எல்லாம் வரலாற்றுக்கும் ஒவ்வாதவை ஆகிவிடுகின்றன. இழவு இளிவைத் துரத்துகிறது. இழந்ததை உயர்த்திப் பேசுவதற்காக, இழப்பதற்கு முன் பட்டதை மறைக்கிறோம்.

இளிவை மறவாத எழுத்து

இதற்கு மாறான போக்கும் மலேசியத் தமிழ் எழுத்தில் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் சயாம் இரயில் பாதையில் மாண்ட தோட்டத் தமிழரைக் களமாகக் கொண்டவை. போர்க் கைதிகளாயிருந்த வெள்ளையர்க்குக் கஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக அமைந்துள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை. பெயரின்றி மாண்டோர்க்கு நாவல் எழுதுவதே நினைவுச் சின்னம் எழுப்புவதாகும் என்பதை ரெங்கசாமியின் நூற்பெயரே உணர்த்துகிறது. இங்கு நினைவு இனிப்பதில்லை. ஜொகூர்க் குடும்பங்கள் பலவற்றிலும் 'ஜப்பான் காலம்' என்னும் தொடர் வந்தவுடன் பேச்சு மரவள்ளிக்கிழங்கோடு நின்றுவிடும். கொண்டுசெல்லப்பட்டவரைப் பற்றிப் பேச்சு நீளாது. அக்குடும்ப மௌனத்தை நாவல் உடைக்கிறது.

ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) வேறொரு வகையில் குறிப்பிடத்தக்கது. கெடாத் தோட்டச் சூழலைக் களமாகக் கொண்ட அந்நாவல், 1981-இல் லூனாசில் நச்சுச் சம்சு அருந்திப் பலர் மாண்ட நிகழ்வைப் பின்னணியாக ஏற்கிறது. தோட்டத்து மாந்தரின் வசையும் வெகுளியும் காமமும் அவர்தம் பேச்சிலேயே அதில் வருகின்றன. 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அந்நாவலுக்குத் தடை விதித்தது. அதன் மொழி குறித்துத் தமிழ்ச் சமூகத்துள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அந்நாவலின் கலைத்தரம் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆயினும் அவ்வெதிர்ப்பு நம் ஆய்வுப்பொருளோடு நேரடித் தொடர்புடையது. தோட்டத்தை நினைக்க நாம் அணியமாக இருக்கிறோம். தோட்டம் பேசிய பேச்சைக் கேட்க அணியமாக இல்லை. மலர்களால் பழக்கப்பட்ட செவிக்கு நாவலின் குரல் பொய்யாகப் படுகிறது.

இவ்வகை எழுத்துக்கும் ஓர் இடர் உண்டு என்பதைச் சுட்டவேண்டும். இளிவையும் வறுமையையும் மட்டுமே தொகுத்துக் காட்டும் கதைகளும் நம்மிடையே பெருகியுள்ளன. கள்ளுக்கடை, அடி, தற்கொலை என்னும் வரிசையில் அமையும் தோட்டச் சிறுகதைகளைப் படிப்போர், அங்கு எவரும் சிரித்ததில்லை எனக் கருதக்கூடும். மலர் இழவை மட்டும் காண்பது போலவே, இக்கதைகள் இளிவை மட்டும் காண்கின்றன. இரண்டும் நான்கனுள் சிலவற்றை விலக்கியே தம்மை நிறுவுகின்றன.

இனிமையின் உரிமை

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை எதிர்கொள்ள வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் அவ்வாழ்வை இனிமையாகவே நினைக்கிறார். அது பொய்ந்நினைவு என்று கூற வகுப்பறையில் பயின்ற நமக்கு என்ன உரிமை?

புறநானூற்றின் 243-ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை நினைந்து இரங்குகிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியதும், மகளிரோடு கைகோத்து ஆடியதும், நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையிலிருந்து பாய்ந்து மூழ்கி அடிமணலை அள்ளி வந்ததும் அங்கு வருகின்றன. இன்று தண்டூன்றி, இருமலுக்கிடையே சில சொற்கள் பேசும் முதுமை. அப்பாடல் நம்பத்தக்கதாக நிற்பதற்குக் காரணம், நினைக்கும் உடலை அது மறைக்கவில்லை. இனிமையும் அசைவும் ஒருங்கே நிற்கின்றன. முதியவரின் இனிமைக்கு அப்பாடலே சான்று. அதனை மறுக்க எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் தோட்டத்து முதியவர் எதனை இனிமையாக நினைக்கிறார் என்பதைக் கூர்ந்து கேட்டல் வேண்டும். திருவிழாவில் ஏறிய கரகம், பொங்கலுக்கு மேடையேறிய நாடகம், தமிழர் திருநாள் போட்டிகள், பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த பந்தாட்டம், ஒரு வீட்டுச் சாவுக்கு லயம் முழுவதும் அடுப்பு மூட்டாதிருந்தது, ஆயாக் கொட்டகையில் யார் பிள்ளைக்கும் யாரோ சோறூட்டியது. இவற்றுள் ஒன்றும் நிறுவனம் தந்ததன்று. காலை இருளில் பெரட்டுக்குச் சென்று, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் களைத்தபின் எஞ்சிய நேரத்தில், அம்மக்கள் தம் கைகளால் ஆக்கிக்கொண்டவை இவை. ஆகவே முதியவரின் நினைவேக்கம் துரையின் தோட்டத்தை நோக்கியதன்று. அத்தோட்டத்துக்குள் தொழிலாளர் எழுப்பிய ஊரை நோக்கியது. திறனாய்வு இவ்விரண்டையும் பிரித்தறியாதபோது, மக்கள் ஆக்கிய ஊரின் பெருமை நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இதே புறநானூற்றின் 112-ஆம் பாடலைப் பாரி மகளிர் பாடியதாகக் கூறுவர். சென்ற திங்கள் தந்தையும் குன்றும் இருந்தன. இத்திங்கள் குன்றை வேந்தர் கொண்டனர், தந்தையும் இல்லை. பறம்பின் வளத்தைப் பற்றி அப்பாடல் ஒன்றும் கூறவில்லை. நிலவு மாறவில்லை, உரிமை மாறியது. அழகை வருணிக்காமல் உரிமையை மட்டும் சொல்லி அப்பாடல் இரங்குகிறது. பாரி மகளிர்க்குக் குன்று உரியதாயிருந்தது. ஜொகூர்த் தோட்டத்து மகளிர்க்கு நிலமோ வீடோ உரியதாயிருந்ததில்லை. அவர்தம் இழவை முழுமையாக எழுதுவோர், இழப்பதற்கே உரிமையற்றிருந்த அந்நிலையையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். அப்போதுதான் இழவுக்குள் இளிவு தெரியும்.

வகுப்பறையில் தோட்ட நினைவு

மெய்ப்பாடு தன்கண் தோன்றுதலும் பிறன்கண் தோன்றுதலும் உண்டென்பர் உரையாசிரியர். தோட்டத்தைக் காணாத இன்றைய மாணவர்க்குத் தோட்ட நினைவு பிறன்கண் தோன்றியது. அவர் அதனை வீட்டிலும் பாடநூலிலும் பெற்றுக்கொள்கிறார். பெற்றுக்கொண்ட நினைவு அவரை எவ்வாறு உருவாக்குகிறது என்பது ஆசிரியர் கையில் பெரிதும் உள்ளது.

நம் தொடக்கப்பள்ளிகளில் தன்கதைக் கட்டுரை நெடுநாள் மரபு. உளியோ மிதிவண்டியோ தன் கதையைத் தானே கூறுவதாக மாணவர் எழுதுவர். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின் தேர்வுக்கேற்ற வாய்பாட்டில் எழுதவேண்டிய நெருக்கடி ஓரளவு குறைந்துள்ளது. இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, உளியின் வாயால் பேசவைப்பதை விடுத்து, உளி பிடித்தவரிடமே மாணவரை அனுப்பலாம். தாத்தா பாட்டியரிடம் கேட்பதற்கு நான்கு வினாக்கள் போதும்: யார் உங்களை இகழ்ந்தார்? எதை, யாரை இழந்தீர்கள்? தோட்டம் விட்டபின் எந்நிலை கெட்டது, எந்நிலை உயர்ந்தது? எது கிடைக்காமல் ஏங்கினீர்கள்? இவை மெய்ப்பாட்டியலின் நான்கு களன்களே. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: உங்கள் கையால் அங்கு என்ன செய்தீர்கள்?

இவ்வினாக்களைக் கேட்கும் மாணவர் தம் முன்னோரை இரக்கத்துக்குரியோராக மட்டுமோ வியப்புக்குரியோராக மட்டுமோ காணமாட்டார். தோட்டங்களுக்கு அலுவல்முறைப் பெயர் ஒன்றும் தொழிலாளர் தமக்குள் வழங்கிய பெயர் ஒன்றும் இருந்ததை அவர் அறிவார். அவ்விரண்டாம் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. முதியோர் நாவில் மட்டுமே உள்ளது. அதனைக் கேட்டு எழுதிவைக்க எஞ்சியுள்ள காலம் குறைவு. பால்மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறையினர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

முடிவுரை

நினைவேக்கம் நோயுமன்று, மருந்துமன்று. அது ஒரு தேர்வு. எதனை நினைப்பது என்னும் தேர்வோடு எதனை மறப்பது என்னும் தேர்வும் உடன் நிகழ்கிறது. ஊரை விட்டு வந்தோர் ஊரை நினைத்ததும், தோட்டத்தை விட்டு வந்தோர் தோட்டத்தை நினைப்பதும் இயல்பே. இழவையும் அசைவையும் பாடி இளிவையும் வறுமையையும் மறைக்கும் எழுத்து, நம்மை இடம்பெயர்த்தோர்க்கு நன்றி கூறும் எழுத்தாக முடிகிறது. இளிவை மட்டும் பாடும் எழுத்தோ, மக்கள் தம் கையால் ஆக்கியதை மறைக்கிறது. நான்கையும் ஒருங்கே தாங்கும் நினைவெழுத்தே மலேசியத் தமிழிலக்கியத்தில் நிலைக்கும் என்பது நம் துணிபு.

ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் அச்சொல் நிற்பது நன்றே. பெயரை நீக்கினால் வரலாறும் நீங்கும். அப்பெயரின்கீழ் நாள்தோறும் நுழையும் பிள்ளைகளுள் ஒருவர், ஏன் இங்குத் தோட்டம் என்று எழுதியுள்ளது எனக் கேட்கக்கூடும். அவ்வினாவுக்கு முழு விடை கூறத் தமிழாசிரியர் அணியமாயிருத்தல் வேண்டும்.